ஆழத்தைச் சொல்லும் முடிச்சு

திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்தில், பழைய மாட்டுக்கொட்டகைகளின் கூரையடியில் நாட்டுக்கலப்பை இன்னும் செருகிக் கிடப்பதைப் பார்க்கலாம். டிராக்டர் வந்த பிறகு யாரும் அதை இறக்கவில்லை. இப்போது ஆசையோடு இறக்கிப் புதுப்பிக்க நினைப்பவர்கள், இழைப்புளியைக் கையில் எடுக்கும் முன் கலப்பையிலிருந்து நுகத்தடி வரை நீளும் மரமான ஏர்க்காலின் முன்பகுதியைத் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே வரிசையாகச் சில வெட்டுகள் இருக்கும். அவை பழுது அல்ல. கலப்பையின் மூளையே அவைதான்.

நுகத்தடியை ஏர்க்காலோடு சேர்த்துக் கட்டும் கயிறு இந்த வெட்டு ஒன்றில்தான் உட்காரும். மாட்டின் கழுத்து உயரம் மாறாது. கயிறு கட்டும் இடம் மட்டும் மாறும். முன்வெட்டில் கட்டினால் ஏர்க்கால் படிந்து சாய்கிறது, மண்ணைக் கிழிக்கும் இரும்பான கொழுவின் மூக்கு கீழே குனிகிறது, சால் ஆழமாகிறது. பின்வெட்டில் கட்டினால் ஏர்க்கால் சற்றே மேல்நோக்கி எழுகிறது, மூக்கு நிமிர்கிறது, உழவு மேலோடு போகிறது. நுகத்தடி 4 அடி உயரத்தில், கட்டு கொழுவிலிருந்து ஏர்க்கால் வழியே 9 அடி தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முடிச்சை அரை அடி பின்னால் தள்ளினால் கோணம் ஒன்றரை டிகிரிக்கு மேல் மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றம் கொழுவுக்குத் தெரியும்.

இதைவிடச் சிறிய உறுப்பு ஆப்பு. கலப்பையின் துளையில் ஏர்க்காலை இறுக்கும் மரத்துண்டு அது. அதைத் தட்டி ஏற்றினாலும் தளர்த்தினாலும் ஏர்க்காலுக்கும் கொழுவுக்கும் இடையிலுள்ள கோணம் மாறும். ஆப்பை எடுத்துவிட்டு ஆணி அடித்து இறுக்கிவிட்டால் கலப்பை உறுதியாக நிற்கும்; ஆனால் ஆழத்தைச் சொல்லும் அதன் பேச்சு நின்றுவிடும்.

இந்த நுணுக்கம் எதற்கு? மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையும் மண் இது. அந்த விதைக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். மேலே விழுந்தால் ஈரம் காய்ந்து முளைப்பு கெடும். அதிக ஆழத்தில் விழுந்தால் முளை வெளியே வர முடியாமல் சோர்ந்துவிடும். ஏரின் பின்னால் நடந்து சாலில் பருப்பு போட்டுக்கொண்டே வந்த பெண்களின் கைவேலை பலித்ததற்கு, முன்னால் போன கயிற்றின் முடிச்சும் காரணம். காய்ந்து இறுகிய மண் கொழுவை மேலே தள்ளும். மழை பெய்த பின் அதே மண் இளகி இடம் கொடுக்கும். ஆகவே ஒரே நிலத்தில்கூட முடிச்சு இடம் மாறும்.

கொழுவுக்கு வருவோம். தேய்வது பெரும்பாலும் அதன் மூக்குதான். மூக்கு மழுங்கினால் மண்ணைக் கிழிக்காமல் தள்ளும், மாடு திணறும். கொல்லர் பட்டறையில் காய்ச்சி அடித்து மூக்கை மறுபடி நீட்டலாம். புதிதாகச் செய்வதென்றால் லாரியின் பழைய வில்பட்டை நல்லது. அதில் கார்பன் சுமார் 0.6 சதவீதம் இருப்பதால், பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் கடினமாகும். சாதாரணக் கம்பியில் கார்பன் குறைவு, அந்தக் கடினம் வராது.

உழவின் இந்தக் கணக்கு மிகப் பழையது. ராஜஸ்தானின் காலிபங்கனில், இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழ்ந்தபோது, ஏறக்குறைய கி.மு. 2800-ஐச் சேர்ந்த உழுத நிலம் வெளிப்பட்டது. ஒரு திசையில் சால்கள் சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளியில், குறுக்கே 1.9 மீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. இன்று மல்லாட்டைக்குப் பரிந்துரைக்கும் வரிசை இடைவெளியும் 30 சென்டிமீட்டர்தான். மரம் மக்கிப் போனது. உழுதவரின் கணக்கு மண்ணில் தங்கியிருந்தது.

எனவே கலப்பையைப் புதுப்பிப்பவர்கள் வெட்டுகளை இழைக்காமல் விடட்டும், ஆப்பை இருந்த இடத்திலேயே வைக்கட்டும். வேலை முடிந்ததும் சுவரில் மாட்டும் முன் ஒரு முறை மாடு பூட்டுங்கள். முன்வெட்டில் கட்டி ஒரு சால், பின்வெட்டில் கட்டி இன்னொரு சால். இரண்டிலும் விரலை விட்டு ஆழம் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், கலப்பை பிழைத்துவிட்டது.