இருதயத் துணைப் பம்பும் நோயாளியின் முன்விருப்பமும்

மிகவும் பலவீனமடைந்த இருதயத்துக்குத் துணையாக ஒரு சிறிய பம்பு உடலினுள் பொருத்தப்படுவதுண்டு. மாற்று இருதயம் கிடைக்கும்வரை இது பயன்படலாம். அதற்கு வழியில்லாதவர்களுக்கு ஆயுள் முழுவதும் பயன்படலாம். இருதயத்தின் இடது கீழறையிலிருந்து இரத்தத்தை இழுத்துப் பெருந்தமனிக்குள் செலுத்துவது இதன் வேலை. வயிற்றுத் தோலின் வழியே வெளிவரும் ஒரு வடத்தின் மூலம், நோயாளி அணிந்திருக்கும் பாட்டரிகளிலிருந்து இதற்கு மின்சாரம் கிடைக்கிறது. பம்பு இடைவிடாது சுழல்வதால், பலருக்கு மணிக்கட்டில் நாடித்துடிப்பு தென்படுவதில்லை.

இப்பம்பு ஆயுளை நீட்டுகிறது என்பது ஐயமற்றது. இருதய மாற்றுக்குத் தகுதியற்ற 129 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று, 2001-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் பம்பு பெற்றவர்களில் நூற்றுக்கு 52 பேர். மருந்து மட்டும் பெற்றவர்களில் 25 பேர். 2022-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், புதுவகைப் பம்பு பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குப் பின்னும் நூற்றுக்குச் சுமார் 58 பேர் உயிருடன் இருந்தனர்.

ஆயினும் பக்கவாதம், இரத்தப்போக்கு, வடத்தின் வழியே நோய்த்தொற்று ஆகிய அபாயங்கள் உண்டு. மூளையோ சிறுநீரகமோ செயலிழந்த பின்னரும் பம்பு சுழன்றுகொண்டேயிருக்கும். அதை நிறுத்தினால் மரணம் பெரும்பாலும் சில நிமிஷங்களிலோ சில மணி நேரத்திலோ நேரிடுகிறது. பக்கவாதத்தினால் நோயாளி பேச்சிழந்துவிட்டால், அவர் கருத்தை ஒருபோதும் கேட்டறியாத மனைவியோ மகனோ அம்முடிவைச் செய்யவேண்டியதாகிறது. அச்சுமை பின்னர் அவர்கள் மனத்தை விட்டு எளிதில் அகலுவதில்லை.

ஆதலின் இவ்வுரையாடல் பம்பைப் பொருத்துமுன்னரே தொடங்கவேண்டும். நோய்நிலை மாறுந்தோறும் மீண்டும் நடைபெறவேண்டும். டாக்டர் கேட்கவேண்டியவை நான்கு: இக்கருவியினால் நோயாளி எதிர்பார்ப்பது யாது? அவர் அஞ்சுவது யாது? எத்தகைய நிலையில் சிகிச்சையைத் தொடர விரும்பமாட்டார்? தம்மால் பேச இயலாதபோது தமக்காகப் பேசவேண்டியவர் யார்? இருதயத் துடிப்பு தாறுமாறாகும்போது மின்அதிர்ச்சி தரும் கருவியும் சிலருக்குப் பொருத்தப்பட்டிருக்கும். அந்திம வேளையில் அவ்வதிர்ச்சி வேதனை தரக்கூடும். அதை மட்டும் நிறுத்துவதால் உடனே உயிர் போவதில்லை என்பதையும் விளக்கவேண்டும்.

இந்தியாவில், சுப்ரீம் கோர்ட்டு 2018 மார்ச்சு 9-ல் இத்தகைய முன்விருப்பப் பத்திரத்துக்குச் சட்ட மதிப்பளித்தது. 2023 ஜனவரியில் அதன் முறை எளிதாக்கப்பட்டது. இதன்படி, தெளிந்த மனமுடைய வயதுவந்தவர் இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெஜட் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெறலாம். தமக்காக முடிவு கூறும் உறவினர் பெயரையும் அதில் குறிக்கலாம். எப்போது வேண்டுமாயினும் அதை எழுத்துமூலம் மாற்றலாம். குணமடையும் வாய்ப்பில்லை என்று இரண்டு மருத்துவக் குழுக்கள் கண்ட பின்னரே அது செயற்படுத்தப்படும்.

கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியரும் ஆசிரியரும் நோயாளிக்காக முடிவு செய்யலாகாது. பேசுவது அபசகுனம் என்ற அச்சத்தை நீக்கி, குடும்பத்தாருடன் டாக்டரை அணுகுமாறு தூண்டுவதே அவர்கள் செய்யத்தக்கது. பத்திரம் எழுதப்பட்டபின், அதன் பிரதி ஒன்று, நோயாளி எங்குச் சென்றாலும் உடன் கொண்டுசெல்லும் மாற்றுப் பாட்டரிப் பையிலேயே இருப்பது நலம்.