பாலம் வருகிறது, பாதிப்பை எந்தக் கிழமையில் எண்ணுவது?

இருக்கன்குடியைச் சாதாரணமான ஒரு புதன்கிழமை பார்த்தவரும் ஆடி கடைசி வெள்ளியன்று பார்த்தவரும் ஒரே ஊரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்புவது கஷ்டம். புதன்கிழமை, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் மணலும் சீமைக்கருவேலமும் வெயிலும்தான். மாரியம்மன் கோயில் பக்கம் தேங்காய், பழத் தட்டோடு சில கடைகள் திறந்திருக்கும். ஆடி கடைசி வெள்ளியிலோ அதே மணலில் கால் வைக்க இடம் கிடைக்காது. சிவகாசி, கோவில்பட்டி, தூத்துக்குடி என்று பல பக்கமிருந்தும் நடந்தே வந்தவர்கள், அக்கினிச்சட்டி எடுப்பவர்கள், மொட்டைக்குத் தலையைக் கொடுத்துவிட்டு அழும் பிள்ளைகள், கல் கூட்டிப் பொங்கல் வைக்கும் குடும்பங்கள். கண் நோய் தீர இந்த மாரியம்மனிடம் வேண்டிக்கொள்வது நெடுநாள் வழக்கம். அதனால் கண்மலர் விற்பவர்களும் உண்டு. ஒரு துணி விரிப்பு, அதன்மேல் தகட்டில் அடித்த கண்கள். மொத்தக் கடையும் அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஊரில் ஆற்றின் குறுக்கே புதிதாக ஒரு சாலைப் பாலம் கட்டுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் போகும்போது பிரசவ வலியோடு ஒரு பெண்ணை அக்கரை சேர்க்க முடியாமல் நின்ற ஊர்களுக்கு உயர்மட்டப் பாலத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாலத்தால் யார் வீடு போகும், யார் பிழைப்பு போகும், ஊரின் நடமாட்டம் எப்படி மாறும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். அந்த வேலைக்குத்தான் சமூகத் தாக்க மதிப்பீடு என்று பெயர். மதிப்பீட்டாளர் புதன்கிழமை வந்தால் நாலு கடையை எழுதிக்கொண்டு போய்விடுவார். இழப்பீடு, மறுகுடியமர்த்தல் என்று பின்னால் எழும் சண்டைகளில் பாதிக்கு இந்த முதல் எண்ணிக்கைதான் வித்து.

பாலத்தைவிட அணுகுசாலைதான் இடம் கேட்கும்

பாலம் என்றவுடன் எல்லோரும் ஆற்றுக்குள் நிற்கும் தூண்களைப் பார்க்கிறார்கள். தூண் நிற்பது அரசுப் புறம்போக்கில். அதற்காக யார் வீடும் போவதில்லை. வீடு போவது இரண்டு கரையிலும் பாலத்தில் ஏறி இறங்கும் அணுகுசாலைக்கு. சமவெளிச் சாலைகளில் பொதுவாக 30 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவில் ஏற்றம் அமைப்பார்கள். பாலத்தின் தளம் தரையைவிட 5 மீட்டர் உயரம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 150 மீட்டராவது மண் மேடு வேண்டும். ஆற்றங்கரை ஊரில் அந்த 150 மீட்டரில்தான் டீக்கடையும் பஸ் நிறுத்தமும் நாலைந்து தலைமுறை வீடுகளும் இருக்கும்.

நிலம் எடுக்கப்படாத வீடுகளின் கதி இன்னும் மோசம் என்பேன். வாசலுக்கு எதிரே ஆள் உயரத்துக்கும் மேலே மண் சுவர் எழும். நேற்றுவரை சாலையோரமாக இருந்த கடை பள்ளத்துக்குள் போய்விடும். பஸ் மேலே போகும்; வாடிக்கை அதோடு போகும். மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் முழுக்கத் திண்ணைக்கு வரும். இந்த வீட்டுக்காரரிடமிருந்து ஒரு சென்ட் நிலமும் எடுக்கவில்லை. ஆகவே காகிதத்தில் அவர் பாதிக்கப்பட்டவர் அல்ல. பக்கச் சாலையும் வடிகாலும் திட்டத்திலேயே இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் இவருக்கு உள்ள ஒரே பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வு, மறுகுடியமர்வுச் சட்டம் இதில் தாராளமானது. நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். ஊராட்சியோடும் கிராம சபையோடும் கலந்து பேச வேண்டும். பாதிக்கப்படும் ஊரில் பொது விசாரணை நடத்த வேண்டும். ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அறிக்கையை அதிகாரிகளே எழுதி அதிகாரிகளே ஒப்புக்கொள்ள முடியாது. அரசு சாராத சமூகவியலாளர் இருவர், ஊராட்சி அல்லது கிராம சபைப் பிரதிநிதிகள் இருவர், மறுவாழ்வு வல்லுநர் இருவர், தொழில்நுட்பம் அறிந்த ஒருவர் என்று ஏழு பேர் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும்.

இதைவிட முக்கியம், ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று அந்தச் சட்டம் யாரைச் சொல்கிறது என்பது. பட்டா உள்ளவர் மட்டும் அல்ல. கூலி வேலை செய்பவர், குத்தகைக்காரர், வாரத்துக்கு உழுபவர், கைவினைஞர் எனச் சொந்த நிலமே இல்லாதவர்களும், மூன்று ஆண்டாக அந்த இடத்தை நம்பிப் பிழைத்தவர்கள் என்றால் கணக்கில் வருகிறார்கள். இடம்பெயர நேர்ந்தால் ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய், சாமான் ஏற்றிப்போக 50,000 ரூபாய், சிறு வியாபாரிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் குறைந்தது 25,000 ரூபாய் என்று அட்டவணை போகிறது. இன்றைய விலைவாசியில் இவை பெரிய தொகைகள் அல்ல. என்றாலும் மொட்டை அடிப்பவரையும் கண்மலர்க் கடைக்காரரையும் எண்ணலாம் என்று ஒரு சட்டமாவது சொல்கிறதே.

தமிழ்நாட்டில்தான் ஒரு சிக்கல். மாநில நெடுஞ்சாலைத் துறை பாலத்துக்கும் சாலைக்கும் நிலம் எடுப்பது 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டத்தையும் இன்னும் இரண்டு மாநிலச் சட்டங்களையும் மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்க அதில் 105ஏ என்ற பிரிவைத் தமிழக அரசு சேர்த்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றத்தில் புதுச் சட்டம் கொண்டுவந்து அதை உயிர்ப்பித்தார்கள். 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் புதுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பலன்: இழப்பீட்டுத் தொகைக்கு மத்தியச் சட்டத்தின் கணக்கு உண்டு, சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம் இல்லை. பணம் கொடுப்போம், ஆனால் யார் யாருக்கு என்று முன்னதாக ஊரைக் கேட்க மாட்டோம் என்பதுதான் இதன் பொருள். தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 2013 சட்டத்திலேயே விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

இழப்பீட்டுக் கணக்கிலும் கிராமத்துக்கு ஒரு கண்ணி உண்டு. முந்தைய மூன்று ஆண்டுகளில் சுற்றுவட்டாரத்தில் பதிவான கிரயங்களில் விலை கூடிய பாதியை எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். அதையும் அரசின் வழிகாட்டி மதிப்பையும் வைத்து எது கூடுதலோ அதை எடுக்கிறார்கள். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து எல்லோரும் விலையைக் குறைத்துப் பத்திரம் எழுதிய கரிசல் காட்டில் இந்தச் சராசரி எவ்வளவு வரும் என்று நாமே ஊகிக்கலாம்.

பணம் யாருடையதோ, கணக்கும் அவருடையது

ஆற்றுப் புறம்போக்கிலும் சாலைப் புறம்போக்கிலும் கடை வைத்திருப்பவர் வருவாய்த் துறையின் பார்வையில் ஆக்கிரமிப்பாளர். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அவரிடம் இருக்கும் பழைய பி மெமோ ரசீதைக் காட்டி உரிமை கோர முடியாது. அது அபராதம் கட்டியதற்கான அத்தாட்சிதானே தவிர அனுமதி அல்ல. மாநில நிதியில் பாலம் வந்தால் நோட்டீசும் ஜேசிபியும்தான் இவருக்கு.

அதே நெடுஞ்சாலைத் துறை உலக வங்கியிடமோ ஆசிய வளர்ச்சி வங்கியிடமோ கடன் வாங்கிச் சாலை போட்டால் கதை மாறும். சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடச் சாலைகளுக்காக 2021இல் ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 48.4 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 590 கிலோமீட்டர் மாநிலச் சாலைகளை மேம்படுத்தும் திட்டம் அது. வங்கிகளின் விதிப்படி ஆவணம் இல்லாதவரும், கணக்கெடுப்பு நாளுக்கு முன் அங்கே இருந்தவர் என்றால், இழக்கும் கட்டடத்துக்கும் பிழைப்புக்கும் உதவி பெறத் தகுதியானவர். ஒரே துறை, ஒரே தாலுகா. ஒரு சாலையோரத்துத் தட்டிக்கடை கணக்கில் உண்டு, அடுத்த சாலையில் இல்லை. இந்த முரண்பாட்டுக்கு நியாயமான காரணம் எதையும் நான் கேட்டதில்லை.

வங்கிப் பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2002இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தில் ஏறத்தாழ 1,20,000 பேர் இடம்பெயர வேண்டியிருந்தது. சான்டாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலையில் சிக்கிய கடைக்காரர்கள்தான் பெரிய குரல் எழுப்பினார்கள். குடிசைக்கு மாற்றாகக் கொடுத்த அளவில் ஒரு சிறு கடையைக் கொடுத்தால் பட்டறை நடத்துபவர் என்ன செய்வார்? வாடிக்கையாளர் இல்லாத இடத்தில் கடை எதற்கு? வங்கியின் ஆய்வுக் குழு விசாரித்து அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதைக் கண்டது. 2006 மார்ச்சில் வங்கி சாலைப் பகுதிக்கான பணத்தை நிறுத்திவைத்தது. ஜூனில்தான் மீண்டும் விடுவித்தது.

வங்கதேசத்தின் யமுனா பாலம் வேறொரு பாடம். 4.8 கிலோமீட்டர் நீளப் பாலம், 1998 ஜூன் 23 அன்று திறக்கப்பட்டது. பரந்து திரியும் ஆற்றைக் கரைகட்டி ஒடுக்கித்தான் பாலத்தின் கீழ் ஓடவிட முடிந்தது. ஆற்றிடைத் திட்டுகளில் வாழ்ந்த மக்களின் நிலத்தை யாரும் கையகப்படுத்தவில்லை. ஆனால் ஒடுக்கிய ஆறு தங்கள் திட்டை அரிக்கும், மூழ்கடிக்கும் என்று அவர்கள் 1996இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டார்கள். அதன்பின் அரிப்பாலும் வெள்ளத்தாலும் பாதிக்கப்படுவோருக்கென்று தனிக் கொள்கை வந்தது. வைப்பாறு யமுனா அல்ல; வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். இருந்தாலும் இரண்டு ஆறு சேரும் இடத்தில், அதுவும் நீர்த்தேக்கம் ஒன்றும் இருக்கும் ஊரில், தூணும் மண் மேடும் வெள்ளத்தின் வழியைக் குறுக்கினால் மேல்பக்கம் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதைச் சமூகக் கணக்கிலும் சேர்க்க வேண்டும்.

நம் வீட்டுக் கதை கூவம் கரையில் இருக்கிறது. சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கரையோரக் குடும்பங்கள் பலவற்றைக் கண்ணகி நகர்ப் பக்கம் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். 2012இல் வேலை நின்றது. தூண்கள் ஆற்றுக்குள் ஆண்டுக்கணக்கில் வெறுமனே நின்றன. 2022 மே மாதம் ஈரடுக்குச் சாலையாக மறுபடியும் அடிக்கல். வேலையையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுத் தொலைவுக்குப் போனவர்களுக்கு அந்த 13 ஆண்டுகளை எந்த அட்டவணையில் எழுதுவது?

ஆறு காயும் மாதம், கோயில் நிறையும் மாதம்

மறுகுடியமர்வு அறிக்கைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது கட்டுமானக் காலம். இருக்கன்குடிக்கு அதுதான் உயிர்நாடி. நம் பக்கம் ஆற்றில் தண்ணீர் வருவது வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஒப்பந்ததாரர் அஸ்திவாரம் தோண்ட விரும்புவது மீதி மாதங்களில். கோயிலின் பெருங்கூட்டங்களோ தை, பங்குனி, ஆடி கடைசி வெள்ளிகளில். ஆறு காய்ந்திருக்கும் மாதமும் பொங்கல் வைக்கும் மாதமும் ஒன்றே. இயந்திரமும் கம்பிக் கட்டும் கலவை ஆலையும் மணலில் இடம்பிடித்தால் ஒரு திருவிழா கெடும். பாலம் மூன்று ஆண்டு இழுத்தால் மூன்று ஆடி கெடும். வருஷத்தின் பெரும்பங்கு வருமானத்தை அந்த வாரங்களில் பார்ப்பவருக்கு அது மூன்று வருஷப் பிழைப்பு.

இதோடு பட்டாசு வட்டாரத்துக்கே உரிய இரண்டு சங்கதிகள். ஒன்று, ஆடிக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் சிவகாசிச் சரக்கு லாரிகள் அதிகம் ஓடும். பாலம் கட்டுவதற்காகச் சாலையை மாற்றிவிட்டால் பட்டாசு ஏற்றிய லாரி ஊருக்குள், பள்ளிக்கூட வாசல் வழியாகப் போகுமா என்று முதலிலேயே கேட்க வேண்டும். மற்றொன்று தூரக் கணக்கு. பட்டாசு ஆலைக்கும் வெடிமருந்துக் கிட்டங்கிக்கும் உரிமம் கொடுக்கும்போது வீடு, பொதுச் சாலை ஆகியவற்றிலிருந்து இவ்வளவு தூரம் விட வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் வரையறுக்கின்றன. புதிய அணுகுசாலை வயல்வெளியில் வளைந்து ஓர் ஆலையை நெருங்கினால் ஆலையின் இடம் போகாது, உரிமம் ஆட்டம் காணும். அங்கே மருந்து செலுத்தும், திரி வெட்டும் பெண்களின் வேலை அதோடு போகும். அவர்களில் ஒருவர் பெயரும் பாலத்தின் நில எடுப்புப் பட்டியலில் இருக்காது. இந்தக் கேள்வியைக் கேட்க வேறு மாவட்டத்து ஆலோசகருக்குத் தோன்றாது; ஊர்க்காரர்தான் கேட்க வேண்டும்.

கேட்க வழி இருக்கிறது. நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் நில உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அதில் விலையைப் பற்றி மட்டும் எழுதாமல் பக்கச் சாலை, வடிகால், பஸ் நிறுத்தம், கால்நடை கடக்கும் வழி எல்லாவற்றையும் எழுதலாம். விரிவான திட்ட அறிக்கையின் வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, சர்வே எண்களோடு ஒப்பிடலாம். பட்டாவில் இறந்துபோன தாத்தா பெயர் இன்னும் இருந்தால் நோட்டீஸ் வருமுன் மாற்றிக்கொள்ள வேண்டும். இழப்பீடு நீதிமன்றத்தில் போய்த் தூங்குவதற்கு இதுவே வழக்கமான காரணம். நோட்டீஸே வராத கடைக்காரர்களுக்கு இருப்பது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஆகஸ்ட் 15 எப்போதும் ஆடி மாதக் கடைசியை ஒட்டியே வரும். திருவிழாவில் கடை போட்டவர்களின் பெயர், என்ன வியாபாரம், எத்தனை வருஷமாக என்பதைச் சுடச்சுட எழுதித் தீர்மானத்தோடு இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும் நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளருக்கும் அனுப்பிவைத்தால், எண்ணிக்கை என்று ஒன்று ஊரின் கையில் முதலில் இருக்கும். பிறகு வரும் கணக்கெடுப்பாளர் எந்தக் கிழமையில் வந்தாலும் அதோடு ஒப்பிட்டுத்தான் எழுத வேண்டும்.