குரங்கும் ‘பழம்’ விடும்!

கேரளத்தில் விதுராவிலிருந்து பொன்முடி மலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? மொத்தம் 22 கொண்டை ஊசி வளைவுகள்! வழியில் நாட்டுக் குரங்குக் கூட்டம் தென்பட்டால், குட்டிகளைக் கவனியுங்கள். கூட இருப்பவர்களைப் பார்த்தும் அவை சண்டையும் கற்கின்றன, சமாதானமும் கற்கின்றன.

வட இந்தியாவில் ‘ரீசஸ்’ என்றொரு குரங்கினம் உண்டு. பயங்கரக் கோபக்காரர்கள்! சண்டை போட்டால் லேசில் ‘பழம்’ விடமாட்டார்கள். வடகிழக்கு மாநிலங்களில் வாழும் குட்டைவால் குரங்குகள் அப்படியில்லை. சண்டை முடிந்த கையோடு ராசியாகிவிடும்.

இரண்டையும் சேர்த்து வைத்தால் யார் யாரைப் போல மாறுவார்கள்? விலங்கியல் அறிஞர் ஃபிரான்ஸ் டி வால் அமெரிக்காவில் இதைச் சோதித்து, 1993-இல் முடிவை வெளியிட்டார். ரீசஸ் சிறுசுகள் ஐந்து மாதம் குட்டைவால்களோடு வளர்ந்தன. முதலில் மிரண்டு ஒண்டிக்கொண்டவை, போகப்போகச் சமாதானம் செய்யப் பழகிவிட்டன. பிரித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை!

சரி, மனிதர்கள்? 1961-இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையை அடித்துத் திட்டுவதைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டினார். பிறகு பொம்மை கைக்குக் கிடைத்ததும், பலரிடமும் அதே அடி, அதே திட்டு!

நண்பர்களிடையே இன்னொன்றும் நடக்கிறது. தாமஸ் டிஷன் என்ற ஆய்வாளர், பையன்கள் நண்பனோடு பேசுவதை வீடியோ எடுத்துப் பார்த்தார். வம்பு செய்த கதைக்கு நண்பன் சிரித்தால், அந்தப் பேச்சே வளர்ந்தது. அப்படிச் சிரித்துப் பேசிய ஜோடிகள் பின்னாளில் வம்பில் இறங்குவதும் கூடியது. சிரிப்புதான் அங்கே பரிசு!

அடிதடி நண்பனோடு இருப்பது மனதுக்கும் பாரம்தான். இன்று யாரை அடிப்பானோ, நாளை நம்மையே அடிப்பானோ என்ற பயம். அவன் செய்ததற்கு நமக்கும் திட்டு. வயிற்றைக் கலக்கும், படிப்பில் மனம் போகாது.

அதற்காக உடனே ‘காய்’ விட வேண்டுமா? அவசியமில்லை. நல்ல குணமும் தொற்றும் என்று ரீசஸ் சிறுசுகள் காட்டிவிட்டனவே! அவன் ஒருவரைக் கேலி செய்யும்போது சிரிக்காதீர்கள். “வேண்டாம்டா, வா விளையாடலாம்” என்று இழுத்துக்கொண்டு போங்கள். வேறு நண்பர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவன் உங்களையே அடித்தாலோ மிரட்டினாலோ, விலகி வந்து அம்மா, அப்பா, டீச்சர் யாரிடமாவது சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது. குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098.