ஐரோப்பா காட்டிய நம்ம ஊர் ஏரி

“ஐரோப்பாவா? இந்த முட்டியை வச்சுக்கிட்டா?” என்றார் என் கணவர். பீர்க்கன்கரணை வீட்டு மாடி ஏறவே இரண்டு இடத்தில் நிற்பவர். “ஏங்க, இன்னும் அஞ்சு வருஷம் போனா இதுவும் முடியாதுங்க” என்றேன். சம்மதித்துவிட்டார்.

முதலில் பாரீஸ். 1889-ல் கட்டி முடித்த ஈஃபிள் கோபுரத்தில் படிகள் வேண்டாம் என்று லிஃப்டில் ஏறினோம். பிறகு சுவிட்சர்லாந்தின் லூசெர்ன். அங்கே 14-ம் நூற்றாண்டில் கட்டிய, கூரை போட்ட மரப்பாலம் இருக்கிறது. 1993-ல் பெரும்பகுதி எரிந்துபோனதை, மறு வருடமே பழையபடி கட்டிவிட்டார்கள்.

அடுத்தது, துன், பிரியன்ஸ் என்ற இரு ஏரிகளுக்கு நடுவே உள்ள இன்டர்லாக்கன். அங்கிருந்து ரயில் மாறி மாறி, 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் போனோம். 1912-லேயே அவ்வளவு உயரத்துக்குத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்! மேலே மூச்சு வாங்கும்; வயதானவர்கள் மெதுவாக நடப்பது நல்லது.

கடைசி நாள், பிரியன்ஸ் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் படகுக்காகக் காத்திருந்தோம். பனியாறுகள் அரைத்த பாறைத்தூள் கலந்து, தண்ணீர் பச்சையும் நீலமுமாக இருந்தது. ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், “முப்பது வருஷம் நம்ம ஊர் ஏரியைத் தாண்டித்தான் ஆபீஸ் போனேன். ஒரு நாளாவது இறங்கிப் பார்த்தேனா?” என்றார்.

ஊர் திரும்பிவிட்டோம். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால், சாயங்காலம் ஆனால் “ஏரிப் பக்கம் போயிட்டு வரலாமா?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பது அவர்தான்!