வந்தவரைத் திரும்பவும் வரவழைக்கும் மடல்



ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எம்மவர் நடத்தும் கடைகள் பலவற்றுக்கு இன்று இணையத்தளம் உண்டு. சாறிக் கடை, நகைக் கடை, சாப்பாட்டுக் கடை, மண்டப அலங்காரம் என்று வகை வகையாக இருக்கின்றன. காசு செலவழித்து அழகாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் கடைக்காரரைக் கேட்டால், "வந்து பாக்கினம், பிறகு திரும்பி வருகினமில்லை" என்ற கவலைதான்.

ஏன் திரும்பி வருவதில்லை? வாங்கும் பக்கத்தில் நிற்கும் நாங்கள் இதற்குப் பதில் சொல்லலாம். தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்களுக்குக் கடை பார்க்கும் நேரம் தேநீர் இடைவேளையும், வேலை முடிந்து பஸ்ஸில் வரும் நேரமும்தான். பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சட்டை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிடும். கைத்தொலைபேசியை வைத்துவிட்டு லைனுக்கு ஓடவேண்டும். மறுநாள் அந்தக் கடையின் பெயரே ஞாபகத்தில் இராது. கடை பிடிக்காமல் நாங்கள் போகவில்லை, மறந்துதான் போனோம். மறந்தவருக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

பெரிய நிறுவனங்கள் இதை நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன. கூடையில் பொருளைப் போட்டுவிட்டுக் காசு கட்டாமல் விலகினால், சில மணி நேரத்தில் "நீங்கள் எடுத்த பொருள் இன்னும் இருக்கிறது" என்று மடல் வந்துவிடும். இதை ஆள் இருந்து எழுதுவதில்லை, கணனியே அனுப்புகிறது. சிறிய கடைகளும் குறைந்த செலவில் இதைச் செய்யக்கூடிய சேவைகள் இன்று இருக்கின்றன.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையத்தளத்துக்கு வந்து போனவரின் மின்னஞ்சல் விலாசம் கடைக்காரருக்குத் தானாகக் கிடைப்பதில்லை. வந்தவரே விரும்பித் தரவேண்டும். இங்கேதான் எம்மவர் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். கலியாண வீட்டுப் பட்டியல், சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல், சீட்டிழுப்புக்கு எழுதிக் கொடுத்த விலாசங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து எல்லோருக்கும் விளம்பரம் அனுப்புகிறார்கள்.

இது புதுப் பழக்கமல்ல. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி, அமெரிக்காவில் டிஜிற்றல் எக்குயிப்மென்ற் என்ற கணனி நிறுவனத்தைச் சேர்ந்த கரி துயெர்க் என்பவர், ஆர்ப்பாநெற் என்ற அன்றைய வலையமைப்பில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கேளாமல் வந்த அந்த மடலுக்கு அன்றே பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. ஸ்பாம் என்று நாம் இன்று சொல்லும் குப்பை மடல்களின் முன்னோடி அதுதான்.

கனடாவில் இதற்கென்றே ஒரு சட்டம் 2014ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இதன்படி, விளம்பர மடல் அனுப்புவதற்குப் பெறுபவரின் சம்மதம் வேண்டும். முன்கூட்டியே சரி அடையாளம் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது. பொருள் வாங்கியவருக்கு இரண்டு வருடமும், விலை விசாரித்தவருக்கு ஆறு மாதமும் அனுப்பலாம். அதற்குப் பிறகு அவருடைய நேரடிச் சம்மதம் தேவை. மடலில் கடையின் பெயரும் தபால் விலாசமும் இருக்கவேண்டும். "இனி வேண்டாம்" என்று விலகும் வழியும் இருக்கவேண்டும். விலகியவரை 10 வேலை நாட்களுக்குள் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். சம்மதம் தந்தார் என்று நிரூபிப்பது அனுப்பியவரின் பொறுப்பு. மீறினால் தனிநபருக்கு 10 இலட்சம் டொலர் வரையும், நிறுவனத்துக்கு ஒரு கோடி டொலர் வரையும் தண்டம் விதிக்கலாம். சீட்டுப் பிடித்துக் கடை தொடங்கிய குடும்பம் இதைத் தாங்குமா?

சட்டத்தை விடுங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து கூகிளும் யாகூவும்கூடக் கட்டுப்பாட்டை இறுக்கிவிட்டன. பெறுபவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர் "இது ஸ்பாம்" என்று அழுத்தினாலே ஆபத்து. அதன்பின் ஆசையாய் எதிர்பார்த்திருந்த வாடிக்கையாளருக்கு அனுப்பும் மடலும் குப்பைப் பெட்டிக்குள்தான் போய் விழும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வாங்குபவர்கள் என்ற முறையில் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

முதலாவது, விலாசம் கேட்கும்போதே காரணத்தையும் சொல்லுங்கள். "பொங்கலுக்குப் புதுச் சாறி வந்ததும் அறிவிப்போம், மாதம் ஒரு மடல்தான்" என்றால் மனமுவந்து தருவோம். தந்த விலாசத்துக்கு ஒரு மடல் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்திய பிறகே பட்டியலில் சேருங்கள். பிழையான விலாசமும், பிறர் எழுதிக் கொடுத்த விலாசமும் அதோடு கழிந்துவிடும்.

இரண்டாவது, தலைப்பில் கடையின் பெயரும் விஷயமும் இருக்கட்டும். வெறும் "வணக்கம்" என்று வந்தால் யார் திறப்பார்? தமிழிலேயே எழுதுங்கள். முன்பு பாமினி எழுத்துருவில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாதவரின் கணனியில் ஒன்றும் விளங்காது. இன்று யூனிகோட் வந்தபின் எந்தக் கைத்தொலைபேசியிலும் தமிழ் தெரிகிறது.

மூன்றாவது, பார்த்த பொருளுக்கே திரும்ப அழைத்துச் செல்லுங்கள். பிள்ளையின் சட்டையைப் பார்த்தவருக்கு மணப்பெண் நகையைக் காட்டி என்ன பயன்? ஒரு ஞாபகமூட்டல் போதும். மூன்றாவது தடவையும் வந்தால் அது தொல்லை.

நான்காவது, எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பியிராதீர்கள். 2021இல் அப்பிள் கொண்டுவந்த ஒரு பாதுகாப்பு வசதி, வாசிக்காத மடலையும் திறந்ததாகக் காட்டக்கூடும். எத்தனை பேர் திரும்பி வந்து வாங்கினார்கள் என்பதே உண்மையான கணக்கு.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்று மட்டும்", "கடைசி இரண்டு" என்று அவசரப்படுத்தும் மடலைக் கண்டதும் காசைக் கட்டிவிடாதீர்கள். மணித்தியாலக் கணக்கில் நின்று உழைத்த காசு அது. அறிமுகமில்லாத கடையின் பெயரில் வரும் மடலில் எந்த இணைப்பையும் அழுத்தாதீர்கள். தெரிந்த கடை என்றால் நீங்களே அதன் தளத்துக்குப் போய்ப் பாருங்கள். தெரிந்த கடையின் மடல் வேண்டாமென்றால், கோபித்துக்கொண்டிராமல் விலகும் இணைப்பை அழுத்துங்கள். அது உங்கள் உரிமை. அதன் பின்பும் வந்தால், கனடிய வானொலி தொலைக்காட்சி தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் முறையிடலாம்.

எம்மவர் கடை நிலைத்தால் எம்மவர் பிள்ளைகளுக்கு வேலை உண்டு. ஊர்ச் சாமானும் கிடைக்கும். நாங்கள் கடைக்காரரின் கையில் கொடுக்கும் விலாசம் ஒரு நம்பிக்கை. அதைக் காப்பாற்றும் கடைக்கு, மறந்துபோன நாங்களும் கட்டாயம் திரும்பி வருவோம்.