மோடம் இருக்கு, ஆனா இல்லை: லினக்ஸ் லேப்டாப்பில் டயல்-அப்

2006-ல் அப்பாவுக்கு ஆபரேஷன். இரண்டு வாரம் ஊரிலிருந்தே வேலை பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, லேண்ட்லைன் மட்டும்தான். என் லேப்டாப்பின் பக்கவாட்டில் போன் வயர் செருகும் இடம் இருந்தது. உள்ளேயே மோடம் இருக்கே என்ற தைரியத்தில் கிளம்பிவிட்டேன். விண்டோஸை அழித்து உபுண்டு போட்டிருந்ததைப் பற்றி யோசிக்கவே இல்லை. வயரைச் செருகி டயல் செய்யப் போனால், மோடமே இல்லை என்றது லினக்ஸ்.

ஏன் இல்லை? அதைப் புரிந்துகொள்ள, மோடம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். சாதாரண போன் லைன் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்காக அமைந்தது. பிட்டுகளை அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலியாக மாற்றி அனுப்பி, வரும் ஒலியை மறுபடி பிட்டுகளாக்குவதுதான் மோடத்தின் வேலை. சீரியல் போர்ட்டில் செருகும் பழைய வெளி மோடத்துக்குள் இதற்கென்றே தனி ப்ராசஸர் உண்டு. 1981-ல் ஹேஸ் ஸ்மார்ட்மோடத்துடன் வந்த ஏடி கட்டளைகளை அனுப்பினால் போதும், எந்த ஆபரேட்டிங் சிஸ்டமாக இருந்தாலும் வேலை செய்யும்.

லேப்டாப்பில் இருந்தது 'வின்மோடம்'. விலையைக் குறைக்க அந்தத் தனி ப்ராசஸரை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒலியை எண்களாக்கும் சிப் மட்டும். சொல்லப்போனால் அது இன்னொரு சவுண்ட் கார்டு. லினக்ஸின் ஆல்சாவும் அதை அப்படித்தான் நடத்துகிறது. மற்ற கணக்கு எல்லாம் விண்டோஸ் டிரைவரில் இருந்தது. நான் விண்டோஸை அழித்தபோது மோடத்தில் பாதியையும் சேர்த்து அழித்துவிட்டேன்!

இதற்கு வழி, எஸ்எல்-மோடம் என்ற டீமன். அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரின் ப்ராசஸரிலேயே போட்டு, சீரியல் மோடம் போல ஒரு போர்ட்டைக் காட்டும். ஆனா அதை இறக்க இன்டர்நெட் வேண்டுமே! பஸ் ஏறி டவுனில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், பென் டிரைவில் எடுத்து வந்தேன்.

டீமன் ஓடியது. டயல் செய்தால் 'நோ டயல்டோன்'. ரிசீவரை எடுத்துக் கேட்டால் டோன் நன்றாகவே வருகிறது. விஷயம் என்னவென்றால், அந்த டீமன் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அமெரிக்கா என்று எடுத்துக்கொள்ளும். அங்கே டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் சேர்ந்த ஒலி. இங்கே 400 ஹெர்ட்ஸை ஒட்டியது. தொடக்கக் கட்டளையில் எக்ஸ்3 சேர்த்தேன். டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய் என்று அர்த்தம். டயல் செய்யும் நிரலில் 'கேரியர் செக்' என்பதையும் நிறுத்தினேன்.

அந்தக் கீச்சுச் சத்தம் முடிந்ததும் 'கனெக்ட் 45333'. ஒரு எம்பி இறங்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். இருந்தாலும் அன்று ராத்திரியே ஆபீஸுக்கு மெயில் போனது. நான் லைனில் இருந்தவரை வீட்டுக்குப் போன் செய்தவர்களுக்கெல்லாம் எங்கேஜ்டு. "ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டா என்னடா பண்றது?" என்றார் அம்மா. நியாயம்தான். அதற்குப் பிறகு மெயிலை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, அனுப்ப மட்டும் டயல் செய்தேன்.

கதை இதோடு முடியவில்லை. அந்த டீமனில் முக்கியக் கணக்கைச் செய்யும் பகுதிக்கு சோர்ஸ் கோட் கிடையாது. 32 பிட்டுக்குத் தொகுத்த ஒரே ஒரு கோப்பு. 64 பிட் காலம் வந்தபோது அதை யாரும் திருத்த முடியவில்லை. என் பழைய வெளி மோடத்துக்கு இன்றும் டிரைவரே வேண்டாம், யுஎஸ்பி-சீரியல் வயர் போதும்.

இன்று பல வைஃபை சிப்புகளும் மூடிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் வேலை செய்யாது. அதனால் எதை வாங்கினாலும் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்: இதில் எவ்வளவு பெட்டிக்குள் இருக்கிறது, எவ்வளவு அடுத்தவர் கையில் இருக்கிறது?