வருவதைத்தான் இதயம் அனுப்பும்

ரத்த ஓட்டம் என்றாலே அடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் என்று பேச்சு இதயத்தைச் சுற்றியே நின்றுவிடுகிறது. ஆனால் சிரைகள் வழியே திரும்பி வரும் ரத்தத்தைத்தான் இதயம் அடுத்த துடிப்பில் தள்ள முடியும். அறை நன்றாக நிரம்பி விரிந்தால் சுருக்கம் வலுக்கிறது. வரத்து குறைந்தால் அதுவும் தளர்கிறது. பெரியவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. ஓய்வில் இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றுவதும் ஏறத்தாழ அதே அளவுதான். கிணறு வற்றினால் நல்ல மோட்டாரும் வெறுமனே ஓடும். இதற்குக் கொல்கத்தாவின் காலரா வரலாறே வலுவான சாட்சி.

கடுமையான காலராவில் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும். அந்த இழப்பு ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைக் குறைத்துவிடுகிறது. கண் குழிகிறது, கிள்ளிய தோல் மடிப்பு உடனே அடங்குவதில்லை, மணிக்கட்டில் நாடி அகப்படுவதில்லை, சிறுநீர் நிற்கிறது. ஆனால் இதயம் முன்னைவிட வேகமாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தாவில் மருத்துவர் லியனார்ட் ராஜர்ஸ், ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப உப்புநீரைச் சிரையில் ஏற்றினார். இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

நோயின் நஞ்சு இதயத்தையே தாக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். 1959இல் அதே நகரத்தின் ஆய்வாளர் சம்புநாத் டே, காலரா கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, மிஞ்சியதை முயலின் குடலில் செலுத்தினார். குடலில் நீர் தேங்கியது. நஞ்சு வேலை செய்யும் இடம் குடல் என்பது தெளிவானது. அப்படியானால் வெறும் தண்ணீர் குடித்தால் போதாதா? போதாது, நீரோடு உப்பும் போய்விடுகிறது. உப்பிலுள்ள சோடியத்தைக் குளுக்கோஸ் தன்னோடு சேர்த்துக் குடல் சுவருக்குள் இழுக்கிறது, நீர் அதைப் பின்தொடர்கிறது. காலரா தாக்கிய குடலிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் டிரிப் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தபோது, மருத்துவர் திலீப் மஹலானபிஸ் இதையே நம்பினார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கலவை கொல்கத்தாவில் பொட்டலமாகி வந்தது. முகாமில் அதை டிரம்களில் கரைத்தார்கள். உறவினர்களே பிடித்துப் புகட்டினார்கள். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதமானது.

மாரடைப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பது நியாயமான மறுப்பு. அங்கே தசையே சேதமடைகிறது. நீரை அதிகம் ஏற்றினால் நுரையீரலில் தேங்கும். வாய்வழிக் கலவைக்கும் எல்லை உண்டு: நாடி அடங்கிப்போன காலரா நோயாளிக்கு முதலில் டிரிப்தான் தேவை. பன்காவிலும் மிக மோசமானவர்களுக்கு அதையே ஒதுக்கிவைத்தார்கள். ஆகவே நாடி தளரும்போது இரண்டு கேள்விகள் எழ வேண்டும்: தள்ளும் தசை பழுதா, தள்ள வேண்டிய ரத்தம் குறைந்ததா? வயிற்றுப்போக்கில் விடை பெரும்பாலும் இரண்டாவதுதான். நாடி தளரும் வரை காத்திராமல், போக்கு தொடங்கியதுமே இத்தகைய உப்பு-குளுக்கோஸ் கலவையான ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்கச் சொல்வது அதனால்தான்.